ஆஃபியாவின் முதல் ‘வேண்டாம்’

என் மகளுக்கு வயிறு வலித்தது. நான் அவள் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளே, இதை இங்கிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும். என் துஆ, என் வேண்டுதல், பிறந்த இடம் அதுதான்.

ஆஃபியா பிறக்கும்போது மூச்சுத் திணறிப் பிறந்தவள். மூளை முடக்குவாதம் என்றார்கள். கழுத்து நிற்கவே மூன்று வயதானது. கையும் காலும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு பொருளை எடுக்க நினைத்துக் கையை நீட்டினால், கை வேறெங்கோ போய் உதறிவிட்டுத் திரும்பி வரும். நாக்கும் அப்படித்தான். ஒரு சொல்கூட வரவில்லை. ஆனால் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியும். தெருவில் மீன்காரரின் சத்தம் கேட்டால் சிரிப்பாள். வாப்பா பேர் சொன்னால் போனைப் பார்ப்பாள், ஏனென்றால் அவள் வாப்பா வருவது போனில்தான். என் கணவர் சாதிக் சவூதியில் ஏசி மெக்கானிக்.

தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் நானும் ஆஃபியாவும் இருக்கிறோம். கீழே என் கணவரின் அக்கா சபுரா மதினி. மதினியைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டும்.

ஆஃபியாவுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் சீசன் முடிந்து, ஐப்பசி மழை பிடித்த சமயம். ஒரு நாள் காலையிலிருந்து அழுதாள். லேசான காய்ச்சல். அவள் அழுதால் வலது கை காதுப் பக்கம் போகும். அவள் கை போகிற வழக்கமான பாதை அது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அதை விட்டால் வேறு அடையாளம் எதுவும் இல்லை. மழையில் நனைந்து காதுவலி வந்திருக்கும் என்று மதினியும் சொன்னார். மருந்து விட்டோம். அழுகை நிற்கவில்லை. மறுநாள் அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. உடம்பு வில் மாதிரி வளைந்தது.

தென்காசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்சில் போனோம். பாவூர்சத்திரத்தில் மார்க்கெட் நேரம். ரோட்டை அடைத்துக்கொண்டு காய்கறி டெம்போக்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மூட்டை இறக்குகிற ஒருவர் தலையில் கட்டிய துண்டை உருவி வீசிக்கொண்டே நடுரோட்டில் ஓடி, ஒவ்வொரு வண்டியாகத் தட்டி ஒதுக்கினார். அவர் யாரென்று தெரியாது. அவருக்காக இன்றைக்கும் துஆ கேட்கிறேன்.

குடல்வாலில் சீழ் பிடித்து உடைகிற நிலைமை. ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் நல்லவர். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“வலி ஆரம்பிச்சு ரெண்டு நாள் இருக்குமேம்மா. பிள்ளை சொல்லலையா?”

“அவளுக்குப் பேச்சு வராது டாக்டர்.”

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அன்று லுஹர், மதியத் தொழுகை நேரம். ஆஸ்பத்திரி மாடிப்படி ஓரத்தில் துப்பட்டாவை விரித்துத் தொழுதேன். நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அதுவரை என் மகள் நடக்க வேண்டும், ஓட வேண்டும், மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். யா ரப்பே, இவளுக்கு வாயைத் திற. எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஒரு சொல் கொடு. ஒரே ஒரு சொல். வேறொன்றும் வேண்டாம். இதையே சொல்லிச் சொல்லி அழுதேன். படியில் ஏறிப் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் பிழைத்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாய் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குப் பயம் வந்தது. அவள் முகம் சுளித்தாலே, எங்கே, எங்கே என்று தலையிலிருந்து கால் வரைக்கும் அமுக்கிப் பார்ப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த தடவையும் இப்படி ஆனால், அடுத்த தடவையும் எனக்குத் தெரியாமல் போனால்? இந்த நினைப்பிலேயே ஒரு மாசம் போனது.

சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வாரம் ஒருநாள் வீட்டுக்கு வருவார் ஸ்டெல்லா டீச்சர். அவர் என் நிலைமையைப் பார்த்துவிட்டு ஒரு டேப்லட்டைக் கொண்டுவந்தார். அதில் படங்கள். படத்தைத் தொட்டால் பேசும். பேச முடியாத பிள்ளைகளுக்காகவே செய்தது.

ஆவலாக ஆஃபியா முன்னால் வைத்தோம். பட்டன்கள் எல்லாம் புளியங்கொட்டை அளவு. அவள் கை ஒரு வீச்சு வீசியது, பத்துப் பட்டன் ஒன்றாகக் கத்தியது. அதிலும் என்ன தமிழ். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல, ‘எனக்குக் குடிநீர் தேவைப்படுகிறது’ என்றது ஒரு ஆண்குரல். யார் பேசுகிறார் என்று ஆஃபியா விட்டத்தைப் பார்த்தாள். பனிமனிதன் படம் இருந்தது. கேக் படம் இருந்தது. ஆப்பம் இல்லை, அருவி இல்லை, உம்மா இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இதெல்லாம் யாரு டீச்சர் செய்யுதா?” என்று கேட்டேன்.

“கோடிங் தெரிஞ்சவங்க செய்வாங்க ஹசீனா.”

“அது படிக்கணும்னா என்ன படிச்சிருக்கணும்?”

டீச்சர் யோசித்தார். “எனக்கும் தெரியல. ஆனா இப்பல்லாம் நெட்லயே ஃப்ரீயா சொல்லிக் குடுக்காங்களாம். நான் ஜெபம் பண்ணுதேன், நீங்க துஆ பண்ணிட்டுத் தேடிப் பாருங்க.”

நான் பிளஸ் டூ காமர்ஸ், தமிழ் மீடியம். கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. வீட்டில் என் கணவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதன் எழுத்துப் பலகையில் அரபி எழுத்துகளும் அச்சடித்திருக்கும். பேட்டரி செத்துவிட்டது, ஒயரைச் சொருகினால்தான் உயிர் வரும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

போனில் தேடினேன். இலவசம் என்று போட்டிருப்பதெல்லாம் இலவசம் இல்லை. இரண்டு பாடம் முடிந்ததும் கார்டு நம்பரைக் கேட்கும், மூடிவிடுவேன். கடைசியில் இரண்டு கிடைத்தன. ஒன்று, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் பாடம், முழுக்க இங்கிலீஷ். இன்னொன்று, கொங்குப் பேச்சில் ஒரு தம்பி தமிழில் வீடியோ போட்டு விளக்குவது. தம்பியிடம் புரிந்துகொண்டு, கல்லூரிப் பாடத்தில் பயிற்சி செய்வது என்று வைத்துக்கொண்டேன். இரண்டிலும் முதலில் சொல்லித்தந்தது பைத்தான் என்கிற மொழி. பேரைக் கேட்டதும் பாம்பா என்று மதினி பயந்துவிட்டார்.

விடியற்காலை சுபுஹு தொழுது, ஓதி முடித்து, ஆஃபியா எழுந்திருப்பதற்குள் எனக்குக் கிடைக்கிற நேரம்தான் பள்ளிக்கூடம். முதல் பாடத்திலேயே திரையில் ஒரு பெயரை எழுத வைக்கச் சொன்னார்கள். நான் ‘ஆஃபியா’ என்று கொடுத்தேன். எழுத்தைத் தட்டி முடித்து ஓடவிட்டேன். கீழே ஒரு வரியில் வந்து நின்றது, ‘ஆஃபியா’. நான் சொன்னேன், அது கேட்டது. திரையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது.

எல்லா நாளும் அப்படிச் சிரிக்கவில்லை. ஒரு புள்ளி தவறினால் சிவப்பு எழுத்தில் திட்டும். திட்டுவதும் இங்கிலீஷில். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதற்கு ‘லூப்’ என்றார்கள். மூன்று தடவை வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் மணி உருட்டும்போது விளங்கியது. மணி தீரும் வரை சொல், தீர்ந்ததும் நிறுத்து. இவ்வளவுதானா என்று இருந்தது. ‘இப்படி இருந்தால் அதைச் செய்’ என்ற பாடம் வந்தபோது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சாரல் விழுந்தால் மாடித் துணியை எடு, இல்லாவிட்டால் காயட்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆனி ஆடி முழுக்க இதைத்தானே செய்கிறோம்.

சபுரா மதினிக்கு இது பிடிக்கவில்லை.

“ஏட்டி, விடிஞ்சும் விடியாம என்னத்தத் தட்டிக்கிட்டே இருக்கே? சத்தம் கீழ வரைக்கும் கேக்கு.”

“ஆஃபியாவுக்காகப் படிக்கேன் மதினி.”

“பிள்ளைக்கு வாய் வரணும்னா அல்லாகிட்ட கேளு. பெட்டியத் தட்டினா வாய் வருமா?”

அது எனக்கு உள்ளே தைத்தது. நான் ரப்பிடம் கேட்டது அவள் நாக்கை. இப்போது நானே ஏதோ செய்யப் பார்க்கிறேனே, அவன் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதா? பல நாள் இந்தக் கேள்வியோடு தொழுகை விரிப்பான முஸல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். பதில் தெரியவில்லை. ஆனால் படிப்பை நிறுத்தவும் மனசு வரவில்லை.

என் கணவரும் போனில் தயங்கினார். “படி ஹசீனா, வேண்டாம்னு சொல்லல. ஆனா இன்ஜினியருங்களே முக்குத விஷயம். நாளைக்கு நடக்கலைன்னா நீ ஒடஞ்சிருவியேன்னுதான் பயப்படுதேன்.”

அவர் பயந்தது மாதிரியே ஒருநாள் உடைந்தேன். பைத்தான் பாதிக் கடலைத் தாண்டியிருப்பேன். கல்லூரிப் பாடத்தோடு ஒரு கேள்வி பதில் பக்கம் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ படிக்கிறவர்கள் அங்கே கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். போன் திரையில் தொட்டால் பேசுகிற மாதிரி செய்ய வேண்டும், எப்படி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அதற்குப் பைத்தான் தோதுப்படாது, ஜாவாஸ்கிரிப்ட் என்று வேறு மொழி இருக்கிறது, அதைப் படி என்று பதில் வந்தது.

இத்தனை மாசம் படித்தது வீணா? மறுபடியும் முதலிலிருந்து இன்னொரு மொழியா? லேப்டாப்பை மடக்கித் துணி அலமாரிக்குள் வைத்தேன். அப்போது சீசனும் தொடங்கிவிட்டது. மேலப்பாளையத்திலிருந்து உறவுக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து வீட்டில் தங்கினார்கள். சமையல், பாய் விரிப்பது, ஈரத் துணி என்று பொழுது போனது. சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

விருந்தாளிகள் போன மறுநாள் காலை. ஆஃபியாவைத் தூக்கி உட்கார வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தாள். பால் கொடுத்தேன், அலமாரியைப் பார்த்தாள். தலை வாரினேன், கழுத்தைத் திருப்பி அலமாரியையே பார்த்துக்கொண்டு ‘ஆ’ என்று சத்தம் கொடுத்தாள். திறந்தேன். துணியை எடுத்துக் காட்டினேன், இல்லை என்பதுபோல் கால் உதறியது. லேப்டாப்பை எடுத்தேன். உடம்பெல்லாம் ஆடிச் சிரித்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. காலையில் நான் தட்டுகிற சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். இது தனக்காக நடப்பது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. நான் விட்டாலும் அவள் விடவில்லை. மதினி அன்று கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. யா ரப்பே, வழியை நான் தேர்ந்தெடுக்கவில்லை, நீ எந்த வழியில் தந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு ஒயரைச் சொருகினேன்.

சகோதரிகளே, இரண்டாவது மொழி முதல் மொழி மாதிரி இல்லை. எழுதுகிற விதம் வேறு, ஆனால் உள்ளே அதே லூப், அதே ‘இருந்தால் செய்’. பைத்தானில் பல நாள் முட்டிக்கொண்டதெல்லாம் இதில் ஒரு காலையில் முடிந்தது. வீணாகப் போனது என்று நான் அழுத மாசங்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின. போன் திரையை நாலாகப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு நாலு பட்டன் போட்டேன். தொட்டேன், பேசியது. ஓடிப்போய் ஆஃபியா முன்னால் வைத்தேன்.

அவள் கை உதறுகிறதல்லவா, ஒரு தடவை தொட நினைத்தால் ஏழெட்டுத் தடவை பட்டுவிடும். ‘த த த த தண்ணி’ என்று திக்கியது. எத்தனையோ மாதிரி மாற்றினேன். சரியாகவில்லை. ஒரு வாரம் சுபுஹு சுஜூதில் இந்த ஒரு காரியத்தையே கேட்டேன். போன் பட்டனுக்காகவெல்லாம் துஆ கேட்கலாமா என்று யாராவது நினைப்பீர்கள். நான் கேட்டேன்.

அதே கேள்வி பதில் பக்கத்தில் எழுதினேன். ஒரு பெண் திருப்பிக் கேட்டாள், எதற்காக இப்படி வேண்டும் என்று. என் மகளைப் பற்றி எழுதினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் நாலைந்து வரி கோடிங் அனுப்பியிருந்தாள். கை ஒரு விநாடியாவது பட்டனில் தங்கினால்தான் பேசும், பேசிய பிறகு கொஞ்ச நேரம் எதைத் தொட்டாலும் பேசாது. கூடவே எழுதியிருந்தாள், என் தம்பியும் உன் மகளைப் போலத்தான், நல்லா வரட்டும் என்று. அவள் எந்த நாடு, என்ன மார்க்கம், எனக்குத் தெரியாது. உலகத்தில் அத்தனை பேர் படிக்கிற இடத்தில் என் கேள்வியை அவள் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று மட்டும் தெரியும்.

இனிக் குரல். முதலில் நானே பேசிப் பதிந்தேன். ஆஃபியாவுக்குப் பிடிக்கவில்லை. போனுக்குள் உம்மா பேசுகிறாளே என்று என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பிள்ளையின் குரல் வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பேச வைத்தால் ஒரு சொல்லுக்கு நாலு சிரிப்பு சிரிக்கிறார்கள். அப்போதுதான் கீழேயிருந்து மதினி கூப்பிட்டார், “ஏ ஹசீனா, பால்காரர் வந்திருக்காரு.”

எங்கள் மதினிக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். குரல் மட்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. போனில் பேசினால், பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா குடு என்பார்கள். கல்யாண வீட்டில்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மதினி அதனாலேயே வெளியில் அதிகம் பேசுவதில்லை. நான் கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.

“மதினி, ஆஃபியாவுக்கு உங்க குரலக் குடுப்பீங்களா?”

முதலில் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். மதினி அடுப்பை அணைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இந்தக் கீச்சுக் குரலயா கேக்குதே?” என்றார். என்னோடு மாடி ஏறி வந்துவிட்டார்.

அன்று மதியம் முழுக்கப் பதிந்தோம். கரண்ட் இருக்கும்போது மின்விசிறி இரைச்சல், நிறுத்தினால் வேர்வை. ‘தண்ணி வேணும்’ என்பதை எட்டுத் தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும், ஏட்டி இரு, இன்னும் நல்லாச் சொல்லுதேன் என்பார். ‘வலிக்கு’ என்று சொல்லும்போது உண்மையிலேயே அழுதுவிட்டார். அதையும் மாற்றிப் பதிந்தோம்.

முதல் நாள் நாலு பட்டன். தண்ணி, வலிக்கு, வேண்டாம், உம்மா. காலைச் சாப்பாட்டு நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ‘உம்மா’தான் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். மனசுக்குள் அதை அழுத்து, அதை அழுத்து என்று சொல்லிக்கொண்டே அவித்த முட்டையை மசித்து வாயில் வைத்தேன். சின்ன வயதிலிருந்து தினமும் கொடுப்பதுதான், தெம்பு வேண்டும் என்று.

கை ஆடி ஆடி இறங்கியது. பட்டனில் நின்றது.

‘வேண்டாம்.’

தற்செயலாகப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு வாய் கொண்டுபோனேன். கை மறுபடி இறங்கியது. ‘வேண்டாம்.’

“முட்டை வேண்டாமாட்டி?”

‘வேண்டாம். வேண்டாம்.’

தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் வீல் சேர் குலுங்கியது. இத்தனை வருஷமாக என் மகளுக்கு முட்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் சொல்ல முடியாமல் விழுங்கியிருக்கிறாள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. மதினி படியேறி ஓடிவந்து, என்னாச்சு என்னாச்சு என்றார். ஆஃபியா மதினியைப் பார்த்தாள், பட்டனை அழுத்தினாள். மதினியின் குரலே மதினியிடம் ‘வேண்டாம்’ என்றது. மதினி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

‘உம்மா’ மூன்றாம் நாள் வந்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து ‘உம்மா’ என்று சத்தம். கை சோப்போடு போய் நின்று, என்னட்டி என்றேன். ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் வருகிறேனா என்று பார்த்திருக்கிறாள். திரும்பிப் போனேன். ‘உம்மா.’ அன்று பொழுது போகும் வரைக்கும் அதுதான் விளையாட்டு. ஒரு பாத்திரம் கழுவி முடிக்க விடவில்லை. ஒரு தடவைகூட எனக்குச் சலிக்கவில்லை, வல்லாஹி.

அதன்பிறகு சொற்கள் பெருகின. ஆப்பம், வாப்பா, சூச்சா, கால் நீட்டு, ஃபேன் போடு. அவளே கேட்டு வாங்கியது ஒன்று உண்டு. தெருப் பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்துப் பார்த்துக் கத்தினாள். என்ன வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் மதினி வெட்கப்பட்டுக்கொண்டே பதிந்து கொடுத்தார், ‘போலே அங்கிட்டு’, ‘போடா அந்தப் பக்கம்’ என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு. இப்போது எங்கள் வீட்டில் அதிகம் கேட்பது அதுதான்.

சென்ற பங்குனியில் ஒரு மதியம். ஆஃபியா அழுதாள். கை காதுப் பக்கம் போனது. பழைய ஐப்பசி கண்முன் வந்தது. அப்போது போனில் ‘வலிக்கு’ என்றாள். நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன், அதில் ஒரு பிள்ளையின் உடம்புப் படம் போட்டு வைத்திருக்கிறேன். கை அலைந்து அலைந்து போய் நின்றது. ‘பல்லு.’ வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல் கறுத்திருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்ச் சாயந்தரத்துக்குள் திரும்பிவிட்டோம். அவ்வளவுதான். ஒரு பல்வலி. எந்த வீட்டிலும் நடக்கிற காரியம். வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் தொழுதேன். ஆஸ்பத்திரிப் படியில் விழுந்து நான் கேட்ட ஒரு சொல் எதுவோ, அது அன்று என் கைக்கு வந்துவிட்டது.

வாப்பாவிடம் அவள் முதலில் பேசிய நாளை எப்படிச் சொல்வேன். வீடியோ காலில் அவர் எப்போதும்போல, ஆஃபியாம்மா சாப்பிட்டியா என்றார். மற்ற நாளில் நான்தான் பதில் சொல்வேன். அன்று நான் பேசாமல் நின்றேன். இன்னொரு போனை அவள் அழுத்தினாள். ‘வாப்பா. வா.’ அவர் முகம் திரையை விட்டுப் போய்விட்டது, மேல் சுவர் மட்டும் தெரிந்தது. அவரோடு அறையில் இருக்கிறவர்கள் பதறி, என்ன சாதிக், ஊர்ல என்ன விஷயம் என்று கேட்பது கேட்டது. கொஞ்சம் கழித்து அவர் குரல் வந்தது.

“எம்மக என்னிய வரச் சொல்லுதாப்பா.”

ஆனி மாதம் லீவு போட்டு வந்தார். எல்லோரும் குற்றாலம் போனோம். வீல் சேரை அருவிக்குக் கிட்டே கொண்டுபோக முடியாது. அவர் தோளில் தூக்கிக்கொண்டு, சாரல் வந்து அடிக்கிற இடம் வரை போய் நின்றார். போனைப் பாலிதீன் கவருக்குள் கட்டி அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று நினைத்தேன். மதினிக்குத்தான் போனிலிருந்து தன் குரல் முதலில் காதில் விழுந்தது.

“ஏ சாதிக்கு, இன்னும் கிட்டப் போகச் சொல்லுதா.”

போனார். நனைந்தோம். மதினி சேலையோடு முழுக்க நனைந்து, கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அந்தக் கீச்சுக் குரலில் சத்தம் போட்டுச் சிரித்தார்.

இப்போது செங்கோட்டையிலிருந்து ஒரு தாய் தன் மகனோடு வருகிறார். ஸ்டெல்லா டீச்சர் அனுப்பிவைத்தவர். அந்த வீட்டில் பாதி மலையாளம் பேசுவார்கள். பிள்ளைக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டிய சொல், பசிக்குச் சொல்ல வேண்டிய சொல், எல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையனின் அண்ணன் குரல் கொடுத்தான். அந்த அம்மாவும் இப்போது அதே கொங்குத் தம்பியின் வீடியோவில் பைத்தான் முதல் பாடம் படிக்கிறார். பத்துப் பாடத்துக்குப் பிறகு ஒருநாள் எல்லாம் வீண் என்று தோன்றும், அன்று எனக்குப் போன் போடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நானும் நிறுத்தவில்லை. மூன்றாவதாக இன்னொரு மொழி தொடங்கியிருக்கிறேன். இந்த முறை பயம் இல்லை, சிவப்பு எழுத்து திட்டினால், சொல்லு சொல்லு என்று கேட்டுக்கொள்கிறேன்.

துஆ கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கிற சகோதரிக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் என் மகளின் நாக்கைக் கேட்டேன். ரப்பு அவள் நாக்கைத் திறக்கவில்லை. ஸ்டெல்லா டீச்சரை அனுப்பினான், ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணை அனுப்பினான், மதினிக்கு அந்தக் குரலை நான் பிறப்பதற்கு முன்பே கொடுத்து வைத்திருந்தான். காமர்ஸ் படித்த எனக்கு அரபி எழுத்துப் போட்ட ஒரு லேப்டாப்பில் பாடம் நடத்தினான். இதில் எதை நான் கேட்டேன்? ஒன்றையும் கேட்கத் தெரியவில்லை.

அதனால் கேளுங்கள். வெட்கப்படாமல் சின்னக் காரியத்தையும் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து, கையில் அகப்படுகிற வேலையைத் தொடங்குங்கள். இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை உங்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டால், இதோ வருதேன் என்று சொல்லிக்கொண்டே அல்ஹம்துலில்லாஹ் என்றும் ஒரு தடவை சொல்லுங்கள். எனக்குப் பக்கத்து அறையிலிருந்து அழைப்பு வந்து கொஞ்ச நேரமாகிறது. எழுத்தை இத்தோடு வைக்கிறேன், போகாவிட்டால் ‘போலே அங்கிட்டு’ விழும்.